தேரிக்குப் போன இரண்டு வண்டிகள்

மந்தைவெளி

அடையாற்றிலிருந்து சகலை தன் வண்டியை ஓட்டிக்கொண்டு மந்தைவெளி வீட்டு வாசலில் வந்து நின்றபோது விடிகாலை ஐந்து மணி. அத்தை ஏற்கெனவே குளித்துத் தயாராக இருந்தார். கையில் பூக்கூடை. பக்கத்தில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் வாங்கிய சின்ன பிளாஸ்டிக் முக்காலி. அதை வண்டிக் கதவுக்குக் கீழே போட்டு, ஒரு கால் ஊன்றி, உள்ளே இருக்கும் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு ஏறினார். எங்கள் இருவருக்கும் மாமியார் அவர். எழுபத்து நான்கு வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சகலை தன் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்திய நாளிலிருந்து அந்த முக்காலியும் அவரோடு பயணம் செய்கிறது.

கபாலீசுவரர் கோயில் வாசலில் அவரை இறக்கிவிட்டோம். பங்குனித் தேர் ஓடி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மாடவீதியில் மோர்ப்பந்தல் கீற்றுகள் இன்னும் பிரிக்காமல் கிடந்தன. “மணல் கொதிக்கும்பா. வெறுங்காலோட நடக்காதீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எங்கள் இருவரிடமும் இருப்பது ஒரே வகை வண்டி. 2023இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஐந்து கதவு மாருதி ஜிம்னி. ஏணி போன்ற சேஸிஸ், முன்னும் பின்னும் இடமிருந்து வலம்வரை ஒரே துண்டாக ஓடும் உருக்கு அச்சு, அச்சுக்கும் உடம்புக்கும் நடுவே நான்கு சுருள் ஸ்பிரிங். நான்கு சக்கரத்துக்கும் விசையைக் கொடுக்க ஒரு தனி லீவர். என் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. சகலையுடையது இரண்டு அங்குலம் கூடுதல் உயரம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றில் அவனுடைய பழைய கார் இருக்கை வரை மூழ்கிப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது, இனி வாங்கும் வண்டி உயரமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டான். உயர்த்திய பிறகு அவனுக்கு இன்னொரு ஆசை முளைத்தது: மணலில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மணல் எங்கள் வாசலிலேயே இருக்கிறது. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கு அவன் வீட்டிலிருந்து பத்து நிமிடம். ஆனால் அங்கே வண்டியை இறக்கக் கூடாது என்பதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறிவரும் கரை அது. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். சக்கரத்தின் எடை மணலை இறுக்கினால் அடியில் இருக்கும் முட்டைகள் நசுங்கும். முட்டைகள் தப்பினாலும், பொரித்து வெளியே வரும் குஞ்சுக்குச் சக்கரத் தடம் ஒரு பள்ளத்தாக்கு. உள்ளங்கையில் அடங்கும் அந்த உயிர், தடத்துக்குள் விழுந்தால் கடலை எட்டாமலே வெயிலில் காய்ந்துவிடும்.

ஆகவே அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, திருச்செந்தூர்ப் பக்கம் இருக்கும் தேரிக்காட்டுக்குப் புறப்பட்டோம். அங்கே தேரியை ஒட்டிய தன் சொந்தப் பனைவிளையில் ஓட்டிப் பார்க்கலாம் என்று நண்பர் ஒருவரின் சித்தப்பா சம்மதித்திருந்தார்.

புதுப்பேட்டை

பயணம் உண்மையில் ஒரு மாதம் முன்பே, புதுப்பேட்டையில் தொடங்கிவிட்டது. எழும்பூர் ரயில் நிலையத்துக்கும் கூவத்துக்கும் நடுவே உள்ள அந்தத் தெருக்களில், பிரித்துப்போட்ட வண்டிகளின் கதவுகளும் கியர் பெட்டிகளும் குவிந்து கிடக்கும். புது சாமான் வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய சாமான் வேண்டுமென்றால் புதுப்பேட்டை. சென்னையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பாலபாடம். நாங்கள் போனது ஒரு சந்துக்குள் இருந்த தகரக் கூரை ஷெட். அதை நடத்தும் பாய்க்கு அறுபது வயது இருக்கும். பையனாக இருந்தபோது ஜீப்புக்குப் பட்டை ஸ்பிரிங் கட்டிப் பழகியவர்.

வண்டியின் சேஸிஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றியதும் அச்சு தன் எடையில் கீழே தொங்கியது. அதுவரை இறுகியிருந்த ஸ்பிரிங் தளர்ந்து ஆடியது. ஒரு கையால் சற்றே திருப்பி, பல்லைப் பிடுங்குவதுபோல் வெளியே எடுத்துவிட்டார். பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். உயரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கம்பியின் கனத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

“பாக்க ஒண்ணும் தெரியாது சார். கம்பி கொஞ்சம் தடிச்சாலே வண்டியோட குணம் மாறிடும்.”

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. சுருள் ஸ்பிரிங் அமுங்கும்போது உண்மையில் அந்தக் கம்பி தன்னைத் தானே முறுக்கிக்கொள்கிறது. கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப அதன் விறைப்பு கூடும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, கம்பி பத்து சதவீதம் தடித்தால் விறைப்பு நாற்பத்தாறு சதவீதம் ஏறிவிடும். நடுமுதுகில் விழும் ஒவ்வொரு குலுக்கலும் அதற்கு நாம் கொடுக்கும் விலை.

ஸ்பிரிங்கை மாற்றியதோடு வேலை முடியவில்லை. பழைய ஜிப்சியில் இருந்த பட்டை ஸ்பிரிங் எடையைச் சுமக்கும், அச்சு பக்கவாட்டில் நகராமலும் பிடித்துக்கொள்ளும். சுருள் ஸ்பிரிங்குக்குச் சுமக்க மட்டும்தான் தெரியும். அச்சைப் பிடிக்க, உடம்பின் ஒரு பக்கத்திலிருந்து அச்சின் மறுபக்கத்துக்கு ஒரு குறுக்குக் கம்பி போகிறது. வண்டியை உயர்த்தும்போது அந்தக் கம்பியின் சாய்வு கூடி, அச்சையே ஒரு பக்கமாக இழுத்துவிடும். பாய் கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றை எடுத்து, சக்கர வளைவின் மேலிருந்து தொங்கவிட்டு, டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தார். ஒரு பக்கம் விரற்கடை அளவுக்குக் கூடுதலாக இருந்தது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வேறொரு கம்பியைப் போட்டு, குண்டு இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டும்வரை திருகிக்கொண்டே இருந்தார்.

அடுத்து ஸ்டியரிங். முன் அச்சு சற்றே முன்பக்கம் சுழன்றுவிட்டதால், திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரும் குணம் குறைந்தது. அதற்கு வேறு புஷ். சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்குவதால் பிரேக் ஓஸ் இழுபடுகிறதா என்று பார்த்தார். ஹெட்லைட் வானத்தைப் பார்க்காமல் கீழே இறக்கி வைத்தார். எல்லாம் முடிந்தபின் ஒரு சாக்கட்டியை எடுத்துத் தரையில் ஒரு கோடும் அதன் நடுவே ஓர் உருண்டையும் வரைந்தார். அச்சும் அதன் டிஃபரன்ஷியலும்.

“இது இருக்குதே, இது ஏறல சார். டயர் எவ்ளோ ஒசரமோ அவ்ளோதான் இது. நீங்க ஏத்துனது ஒடம்ப மட்டும்.”

இந்த ஒரு வாக்கியத்தைப் பயணம் முழுக்க மனதில் வைத்திருந்தேன். கம்பெனிக் கணக்கில் இந்த வண்டிக்குத் தரையிடைவெளி 210 மில்லிமீட்டர். வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்து நிற்பது அந்த உருண்டைதான். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது அசையாது. பெரிய டயர் போட்டால்தான் ஏறும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பதிவுச் சான்றில் உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. விபத்து என்று வந்தால் காப்பீட்டுப் பணத்துக்கும் சிக்கல் வரலாம். சகலையிடம் அப்போதே சொன்னேன். “ஒருதடவை மணல்ல பாத்துட்டு முடிவு பண்றேன்” என்றான். கழற்றிய நான்கு ஸ்பிரிங்குகளையும் சாக்கில் சுற்றி, அவன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்தோம்.

மரக்காணம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கும்போது இருபுறமும் உப்பளம். பாத்திகளில் வெயில் கண்ணைக் குத்தியது. தலையில் துண்டு கட்டிய பெண்கள் நீண்ட கழியின் நுனியில் இருந்த பலகையால் உப்பை வரப்போரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். கணுக்கால் வரை உப்புநீர், உள்ளங்கால் வெள்ளைவெளேரென்று ஊறியிருந்தது. ஒரு அக்கா கை நிறைய உப்பை அள்ளிக் கொடுத்து, “வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, ஊறுகாய்க்கு நல்லாருக்கும்” என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போன உமணர்களின் வண்டிகள் சங்கப் பாடல்கள் பலவற்றில் உருண்டுகொண்டிருக்கின்றன. ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்றில், மேடும் பள்ளமுமாக வழி எப்படியிருக்குமோ என்று எண்ணிய உமணர்கள், அச்சு முறிந்தால் மாற்றிப்போட இன்னொரு அச்சை வண்டிக்கு அடியிலேயே கட்டிக்கொண்டு போகிறார்கள். தலைவனுக்கு உவமையாக அந்த மாற்று அச்சைச் சொல்கிறார் ஔவை. வழியறியாத நிலத்தில் வண்டி ஓட்டுகிறவனின் கவலை இரண்டாயிரம் ஆண்டுகளாக மாறவில்லை. அவர்கள் எடுத்துப்போனது அச்சு. எங்கள் பின்இருக்கையில் ஒரு மண்வெட்டி, இழுவைக் கயிறு, காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர், தண்ணீர் கேன்.

இந்தச் சாலையில் சகலையின் வண்டி பட்ட பாடும் தெரிந்தது. கடல் பக்கமிருந்து அடித்த குறுக்குக் காற்றில் அவன் ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே வந்தான். தட்டையான தார் ரோட்டில் உயரம் ஒரு சுமை.

தனுஷ்கோடி

பாம்பனைத் தாண்டி, ராமேசுவரத்தையும் தாண்டி, முகுந்தராயர் சத்திரம் வந்தோம். இங்கிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கிலோமீட்டர் தார்ச்சாலை 2017இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் இந்த இடத்தோடு சாலை முடிந்துவிடும். அப்புறம் கடலும் களப்பும் மணலும்தான். தனுஷ்கோடியைப் பார்க்க வருகிறவர்களை நான்கு சக்கர விசை கொண்ட பழைய வேன்களிலும் ஜீப்புகளிலும் ஏற்றிக்கொண்டு மணலில் ஓட்டியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். தமிழ்நாட்டில் மணலோட்டத்தைத் தொழிலாகச் செய்தவர்கள் உண்டென்றால் அவர்கள்தான்.

அப்படி ஒருவரைப் பார்த்தோம். இப்போது சாலையோரக் கொட்டகையில் மீன் பொரித்து விற்கிறார். மசாலா தடவிய பாறைக்குட்டியை எண்ணெயில் திருப்பிப் போட்டபடியே எங்கள் வண்டிகளைப் பார்த்தார். சகலையின் வண்டியைச் சுற்றி வந்தவர் ஸ்பிரிங்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

“காத்து எவ்வளவு இருக்கு?”

“முப்பது பவுண்டு.”

“கல்லு மாதிரி இருக்கு சார். இதோட மணல்ல இறங்காதீங்க.”

பொரித்த மீனைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். இருபது வருடம் ஓட்டிய கை காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே பேசியது. கடல்நீர் இறங்கி வத்தம் இருக்கும் நேரத்தில் ஈரமணல் இறுகியிருக்கும், அதன்மேல் போகலாம். காய்ந்த மணலில் ஏறும் முன் காற்றை இறக்க வேண்டும். மேலே போகும்போது பிரேக் மிதிக்கவே கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மணல் வண்டியை நிறுத்திவிடும். நிறுத்துவதானால் இறக்கத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும், மறுபடி கிளம்ப மணலே தள்ளிக் கொடுக்கும். சக்கரம் நின்ற இடத்தில் சுற்றத் தொடங்கினால் அடுத்த நொடியே காலை எடுத்துவிட வேண்டும்.

“சுத்த விட்டீங்கன்னா வண்டியே தனக்குக் குழி வெட்டிக்கும். வந்த தடத்துலயே பின்னால வாங்க. அது ஏற்கெனவே இறுகின மணல்.”

சாலை வந்ததில் வருத்தமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தார். “பிரசவத்துக்குத் துடிச்ச பொம்பளைங்கள வேன்ல போட்டு, மணல்ல மாட்டிக்கிட்டு, இறங்கித் தள்ளியிருக்கோம் சார். இப்ப ஆம்புலன்ஸ் வருது. ரோடு வேணும்.” தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டு, “தொழில் போச்சு, அது வேற” என்றார்.

சற்றுத் தள்ளி தேவாலயத்தின் சுவர் நின்றது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில் வந்த புயல் இந்த ஊரையும், ஊரை நெருங்கிக்கொண்டிருந்த ரயிலையும் கொண்டுபோனது. அதுவரை எழும்பூரில் ஏறி இங்கே இறங்கி, கப்பல் மாறித் தலைமன்னார் போகலாம். எழும்பூரில் அந்த ரயில் கிளம்பிய இடத்துக்கும் பாயின் ஷெட்டுக்கும் நடக்கும் தூரம்தான் என்பது அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது. அன்று மாலை வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவினோம். உப்புக்காற்று உருக்கை விடாது.

காயாமொழி

தூத்துக்குடி தாண்டி, திருச்செந்தூரிலிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பியதும் நிலத்தின் நிறம் மாறியது. முதலில் சாலையோரம் சிவப்புத் தூள். பிறகு சுவரோரம் சிவப்புக் குவியல். காயாமொழியைக் கடந்தபின், பனைகளுக்கு அப்பால், மிளகாய்த்தூளைக் கொட்டிப் பரப்பினாற்போல் ஒரு மேடு வானம்வரை எழுந்து நின்றது. அதுதான் தேரி.

இந்த மணலைக் கொண்டுவந்தது காற்று. மேற்கு மலையில் ஈரத்தையெல்லாம் இறக்கிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்டு வரும் தென்மேற்குக் காற்று, நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து கடலுக்கு முன்னால் போட்டது என்கிறார்கள். மணல்மணி ஒவ்வொன்றின்மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய போர்வையாகப் படிந்திருப்பதால் இந்தச் சிவப்பு. தேரிகளில் கிடைக்கும் நுண்கல் கருவிகளைப் பற்றி ஜாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் எழுதினார்கள். சக்கரம் என்ற ஒன்று வருவதற்கு முன்பே இங்கே மனிதர்கள் வெறுங்காலோடு நடந்திருக்கிறார்கள்.

நண்பரின் சித்தப்பாவை அண்ணாச்சி என்றே அழைத்தோம். அவர் விளையின் வாசலில் காத்திருந்தார். “வாங்க, வாங்க. மொதல்ல பதனி குடிங்க, பெறவு வண்டியப் பாப்போம்.” அப்போதுதான் மரத்திலிருந்து இறக்கிய பதனி. ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உதட்டை ஓலையில் வைத்தால், சுண்ணாம்பின் வாசமும் பச்சை ஓலையின் வாசமும் முதலில் வரும், இனிப்பு பிறகுதான் வரும். மைலாப்பூரில் காலை ஆறு மணிக்குக் காபி குடித்தே வளர்ந்த நாக்குக்கு அது வேறொரு விடியல்.

பதனி காய்ச்சும் குடிசையான விடிலியில் அண்ணாச்சியின் மனைவி, எங்களுக்கு மதினி, கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்தார். பதனி கொதித்து, நுரைத்து, பாகாகி, கரண்டியிலிருந்து நூல்போல் இறங்கும் நேரத்தில் சிரட்டைகளில் ஊற்றினார். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றிச் சொன்னேன். “பேரு வந்துட்டு. மரம் ஏறத்தான் ஆளு இல்ல” என்றார், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வண்டியை எடுக்கும் முன் அண்ணாச்சி எல்லையைக் காட்டினார். “அந்த வேலிக்கு அங்கிட்டு பாரஸ்டுக் காடு. அங்க சக்கரம் படக் கூடாது. இந்தா, இந்த வண்டித்தடம் நம்ம விளை. இதுல எவ்வளவு வேணும்னாலும் ஓட்டுங்க. புது மரக்கன்னு இருக்க பக்கம் மட்டும் போயிராதீங்க.” ஆடிக்காற்றில் நகரும் மணலை இந்தப் பனைகளும் உடைமரங்களும் கொல்லாமரங்களும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு கன்று வேர்பிடிக்க எத்தனை குடம் தண்ணீர் சுமந்தார் என்பதை அவர் சொல்லவில்லை. வேலியோரம் கிடந்த குடங்களைப் பார்த்தே தெரிந்தது.

தேரி

தனுஷ்கோடிக்காரர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று முதலில் முப்பது பவுண்டு காற்றோடே இறங்கினோம். என் வண்டி ஐம்பதடி போனது. பிறகு முன்பக்கம் அமிழ்ந்து, அச்சின் உருண்டை மணலில் உழுது நின்றது. சகலை பக்கத்துத் தடத்தில் வந்தான். அவனும் ஏறத்தாழ அதே தூரத்தில் நின்றான். இறங்கி இரண்டு வண்டிக்கும் அடியில் படுத்துப் பார்த்தேன். பாய் சாக்கட்டியால் வரைந்தது கண்முன்னே கிடந்தது. அவனுடைய உடம்பு என் வண்டியைவிட இரண்டு அங்குலம் மேலே. ஆனால் இரண்டு உருண்டைகளும் ஒரே ஆழத்தில் புதைந்திருந்தன.

எட்டுச் சக்கரத்தின் வால்வையும் திறந்தோம். சீறிக்கொண்டு வெளியே வந்த காற்றில் சிவப்புப் பொடி பறந்தது. முப்பதைப் பதினைந்தாக்கினோம். ஆட்களோடும் சாமானோடும் வண்டி கிட்டத்தட்ட 1,450 கிலோ இருக்கும். ஒரு சக்கரத்துக்கு 360 கிலோ. முப்பது பவுண்டில் அந்த எடையைத் தாங்கும் டயர்ப்பரப்பு, கணக்குப்படி விரித்த ஒரு கையளவுதான். பதினைந்தில் அது இரட்டிப்பாகி இரண்டு கையளவாகும். மணலிலேயே அந்த வித்தியாசம் தெரிந்தது. முன்பு டயர் பதிந்த இடம் குறுகி ஆழமாக இருந்தது. இப்போது ஒரு சாண் நீளத்துக்குத் தட்டையாக, ஓரம் உடையாமல் பதிந்தது. லீவரை நான்கு சக்கரத் தாழ்வேகத்துக்குத் தள்ளி, கிளட்சை மெல்ல விட்டேன். வண்டி முனகாமல் எழுந்து நகர்ந்தது. சகலையும் அப்படியே வந்தான்.

ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் 1920களிலும் 30களிலும் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைக் கடந்தபோது பழகியதும் இதைத்தான்: டயரின் காற்றைக் குறைப்பது, புதைந்தால் சக்கரத்துக்கு முன் உருக்குத் தகடு போடுவது. மணல் எப்படி நகர்கிறது என்பதைப் பற்றி 1941இல் அவர் எழுதிய நூல் இன்றும் அறிவியலாளர்கள் எடுத்துப் பார்க்கும் நூல்.

உயரத்துக்கு உரிய இடமும் அன்றே வந்தது. விளையின் நடுவில் கத்தி முனைபோல் கூர்ந்த ஒரு மணல்முகடு. முன்சக்கரம் அந்தப் பக்கம் இறங்கி, பின்சக்கரம் இந்தப் பக்கம் நிற்கும்போது நடுவயிறு முகட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. என் வண்டி கடக்கக்கூடிய முகட்டுக் கோணம் 24 பாகை. இரண்டு அங்குலம் உயர்த்தியதில் அவனுக்கு ஏறக்குறைய 28. அந்த நான்கு பாகையில் அவன் வயிறு உரசாமல் கடந்துவிட்டான். நான் முகட்டில் உட்கார்ந்துவிட்டேன், நான்கு சக்கரத்துக்கும் பாரமே இல்லாமல்.

அண்ணாச்சி அவசரப்படவில்லை. விளையில் கிடந்த காய்ந்த பனைமட்டைகளைப் பொறுக்கி வந்தார். வயிற்றுக்கு அடியில் இருந்த மணலை நாங்கள் கையால் தோண்டி எடுக்க, மட்டைகளின் கருக்குப் பக்கம் டயரில் படாமல் கீழாகத் திருப்பி, சக்கரத்துக்கு முன்னால் வரிசையாகச் செருகினார். கிளட்சை விட்டதும் மட்டைகள் நொறுங்கும் சத்தத்தோடு வண்டி இறங்கி வந்தது. பாக்னால்டின் உருக்குத் தகடு செய்த வேலையை இங்கே பனை செய்தது.

பிற்பகலில் ஒரு பக்கச் சரிவில் குறுக்காகப் போனபோது சகலை வியர்த்துவிட்டான். அதே சரிவில் என் வண்டி சாய்ந்ததைவிட அவனுடையது அதிகம் சாய்ந்தது. உயரத்தில் இருக்கும் எடை கீழ்ப்பக்கச் சக்கரத்தை மணலுக்குள் அழுத்தியது. ஸ்டியரிங்கை இறக்கத்தின் பக்கம் திருப்பி நேராகக் கீழே விட்டுத் தப்பினான். இறங்கியவன் கொஞ்ச நேரம் பானெட்டில் கை வைத்தபடி நின்றான்.

இதையெல்லாம் ஒரு பனையின் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் பனையேறித் தாத்தா. எழுபது வயதிலும் நாளைக்கு இரண்டு முறை மரமேறுகிறவர். இடுப்பில் பாளை அரிவாள், மார்பில் மரம் உராய்ந்து காய்த்துப்போன தோல். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அவர் பாதத்தைக் கவனித்தேன். ஐந்து விரலும் விசிறிபோல் விரிந்து, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி. அறுபது வருடம் தளைநாரும் மரமும் மணலும் சேர்ந்து செய்த பாதம். எழுந்து மணலில் நடந்தார். என் பூட்ஸ் கணுக்கால் வரை புதைந்த அதே இடத்தில் அவர் தடம் ஒரு அங்குலம்கூட ஆழமில்லை.

“தம்பி, செருப்பக் கழட்டிட்டு நடங்க. வெரல விரிச்சு வைங்க. மண்ண மிதிக்காதிய, மண்ணு மேல வைங்க.”

வெயில் சாய்ந்திருந்தது, சூடு தணிந்திருந்தது. அத்தை சொன்னது நினைவிருந்தும் பூட்ஸைக் கழற்றினேன். விரல்களை விரிக்க முயன்றேன். நாற்பது வருடம் ஷூவுக்குள் இருந்த விரல்கள் லேசில் பிரியவில்லை. ஆனாலும் கால் முன்பைப்போல் புதையவில்லை. காலையில் டயருக்குச் செய்ததை இப்போது என் பாதத்துக்குச் செய்துகொண்டிருந்தேன். நிலத்தின்மேல் ஒரே இடத்தில் பாரத்தைப் போடாமல் பரப்பி வைத்தால் அது நம்மைச் சுமக்கும். வாழ்நாள் முழுக்க இங்கே நடந்தவருக்கு அது பாதத்திலேயே எழுதியிருந்தது.

மீண்டும் மந்தைவெளி

தார்ரோட்டில் ஏறும் முன் கம்ப்ரசரை ஓடவிட்டு எட்டு டயருக்கும் காற்றை நிரப்பினோம். காற்றிறங்கிய டயரோடு வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். அண்ணாச்சி ஓலைக் கொட்டானில் கருப்பட்டியும் ஒரு குலை நுங்கும் வைத்து அனுப்பினார். திரும்பும் வழி முழுக்கச் சகலை அதிகம் பேசவில்லை. பாண்டிச்சேரி தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது, “அந்த ஒரு முகடுக்கு உதவிச்சு, இல்ல?” என்றான். ஆமாம் என்றேன். “மத்ததுக்கெல்லாம் காத்துதான் வேலை செஞ்சுது.” அதற்கும் ஆமாம் என்றேன். சட்டத்தைப் பற்றி இந்த முறை நான் பேச்செடுக்கவில்லை. அவனே எடுத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடிப்படிக்கு அடியிலிருந்து சாக்கு மூட்டை வெளியே வந்தது. பாய் ஒன்றும் கேட்கவில்லை. பழைய ஸ்பிரிங்கை உட்கார வைத்து, பழைய குறுக்குக் கம்பியைப் பூட்டி, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் அளந்தார். அச்சுக் குழலின் மடிப்பில் இன்னும் சிவப்பு மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “எங்க சார் இது, இவ்ளோ செவப்பா?” தேரியைப் பற்றிச் சொன்னேன். மணலை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

அங்கிருந்து நேராக மந்தைவெளிக்கு வந்தோம். பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போக அத்தை வழக்கம்போல் முக்காலியோடு வாசலுக்கு வந்தார். சகலை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். அத்தை முக்காலியைக் கீழே வைக்கப் போனவர், படியின் உயரத்தைப் பார்த்து நின்றார். ஒரு காலைத் தூக்கி நேராக வண்டிக்குள் வைத்துப் பார்த்தார். வைக்க முடிந்தது. உள்ளே உட்கார்ந்த பிறகு, “அதை எடுத்து உள்ள வெச்சிடு, இனிமே செடிக்குத் தண்ணி ஊத்த உக்காந்துக்கறேன்” என்று முக்காலியை என்னிடம் நீட்டினார்.